எட்டாம்பிட்டிக்கு எட்டுத் துண்டு

பதுளை பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர் சுரேஸை முகம் பார்த்து அறிந்தவர்களைவிடக் குரல் கேட்டு அறிந்தவர்கள்தான் அதிகம். "ஹாலிஎல, தெமோதரை, கும்பல்வெல, பண்டாரவளை, பண்டாரவளை!" என்று அவன் ஒரே மூச்சில் கத்தினால் மார்க்கெட்டுக்குள் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருக்கிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் பஸ் ஏறினான், முப்பத்தெட்டு வயது வரை இறங்கவில்லை.

வெறுமனே ஊர்ப் பெயரைச் சொல்லி இறக்கிவிடுவது அவனுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்வான். கும்பல்வெல வந்தால், "கும்பலா வேலைக்குப் போறவங்க எல்லாம் எறங்குங்க!" என்பான். முன்பு மடுல்சீமை ரோட்டில் ஓடிய காலத்தில், "சீமைக்குப் போறவங்க வாங்க, பாஸ்போட் தேவையில்ல!" என்று கூப்பிட்டுத்தான் பஸ்ஸை நிரப்பினான். வெலிமடை ரோட்டில் எட்டாம்பிட்டியில் நிறுத்தும்போதெல்லாம், "இது எட்டாவது பிட்டி. மத்த ஏழையும் யாராவது கண்டா எனக்குச் சொல்லுங்க" என்பான். தினமும் அதே பஸ்ஸில் போகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

அவன் மனைவி யசோதினி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் இருபது குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், புருஷன் சோற்றுக்குக் கூப்பிடுவதுகூட பஸ்ஸுக்குக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். "என்னங்க, இது வீடு. பின்னால தள்ளி நிக்கிறதுக்கு இங்க யாரும் இல்ல" என்று அவள் சொல்வாள். அவனுக்கு அதற்குக் கீழே குரல் இறங்காது.

பீட்சாவை அவன் தேடிப் போகவில்லை, அதுதான் பஸ்ஸில் ஏறி வந்தது. பஸ்ஸில் பார்சல் கொடுத்தனுப்புவது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். ஒருநாள் பண்டாரவளையில் ஒரு தட்டையான பெட்டியைக் கொடுத்து, பதுளையில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்றார்கள். பதுளையில் யாரும் வரவில்லை. போன் பண்ணிக் கேட்டால், "அவர் கொழும்புக்குப் போயிட்டாராம், நீங்களே சாப்பிட்டுடுங்க" என்று பதில் வந்தது. டிரைவர் மொஹிதீன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, ரொட்டிக்கு மேல கறியக் கொட்டிட்டாங்களா?" என்றார். சுரேஸ் ஒரு துண்டை எடுத்தான். சீஸ் நூலாக நீண்டது. அறுக்கத் தெரியாமல் கையை உயர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் எழுந்து நின்றுவிட்டான். மொஹிதீன் இரண்டு துண்டு சாப்பிட்டார், மீதியெல்லாம் சுரேஸ்.

அன்றிலிருந்து பித்துப் பிடித்தது. வாரம் ஒருநாள் லீவு என்றால் ஒரு பீட்சாக் கடை. பதுளையில் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் பணிஸ் மாதிரித் தடியாகச் சுட்டு, சோஸை இனிப்பாகப் போட்டார்கள். எல்ல டவுனில் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்கென்று விறகு அடுப்பில் சுட்டது அப்பளம் மாதிரி இருந்தது. ருசி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே வந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட வேண்டியதாகப் போயிற்று. பண்டாரவளையில் ஒரு சின்னக் கடைப் பீட்சாதான் அவனுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மாவு பதம், கறி உறைப்பு, எல்லாம் சரி. அடி மட்டும் கருகியிருந்தது.

சாப்பிட்டதைச் சாப்பிட்டோம் என்று விட்டிருக்கலாம். சுரேஸால் முடியுமா? மறுநாள் பஸ்ஸில் அறுபது பேருக்கு முன்னால் அறிவித்தான். "பண்டாரவளை பீசா மேல ராஜா, அடியில கரிக்கட்டை! மேல் பாதிய மட்டும் தின்னுங்க!" அந்த அறுபது பேரில் ஒருத்தி அந்தக் கடைக்காரியின் மாமி என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த வருஷம் ஆனி மாதத்தில் அவன் குரல் கரகரத்தது. சளி, தடிமன் என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்தான். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஸ்டாண்டில் நின்று "ஹாலிஎல" என்று வாயைத் திறந்தான், வெறும் காற்று வந்தது. பஸ் பாதி காலியாகப் போயிற்று. அடுத்த நாளும் அப்படியே. மொஹிதீன்தான் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் அம்மா தொண்டைக்குள் கமெரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கத்திக் கத்தியே சின்னச் சின்னக் கட்டிகள் வந்திருந்தன. "பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது. அதுக்குப் பெறகு ரெண்டு மாசம் மெதுவா பேசலாம்" என்றார்.

"திரும்ப பஸ்ஸில கத்தலாங்களா?" என்று யசோதினி அவனுக்காகக் கேட்டாள்.

"கத்துறது இனி இல்லம்மா. கத்துனா திரும்ப வரும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். ஹாலிஎல வந்தது, தெமோதரை வந்தது. புது கொண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் கதவில் இரண்டு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான். யசோதினி சுரேஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. யசோதினி பக்கத்து வீட்டுக்காரியிடம், "கோயில்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் நாள் சோறு போட்டு வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள், அவன் கறியைப் பற்றிச் சைகை ஒன்றும் காட்டவில்லை. பேச்சுக்குப் பதிலாக வாங்கிய கொப்பியில் எழுதவும் இல்லை. அவளே ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். உப்பே இல்லை. "உப்பில்லன்னு எழுதக்கூட மனசு வரலியா ஒங்களுக்கு?" என்று அழுதுவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எங்கயாவது வேலை தேடுங்க. இப்படி உக்காந்திருந்தா நா பைத்தியமாயிருவேன்" என்றாள்.

வாய் பேசாத கொண்டக்டருக்கு எங்கே வேலை? யோசித்து யோசித்து, பஸ்ஸுக்கு அடுத்தபடியாகத் தனக்குத் தெரிந்தது பீட்சா ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றியது. பண்டாரவளைக்குப் போய் அந்தச் சின்னக் கடை வாசலில் நின்றான்.

ஜுனைதீன் ஹாஜியாரின் துணிக்கடையில் பாதியைத் தடுத்து அவர் மகள் ஷிஹானா நடத்துகிற கடை அது. ஷிஹானாவுக்கு முப்பது வயது இருக்கும். கொழும்பில் படித்துவிட்டு வந்து, வாப்பாவிடம் ஒரு வருஷம் மன்றாடி அந்தப் பாதியை வாங்கியவள். சுரேஸ் கொப்பியை நீட்டினான். 'வேலை இருக்கா தங்கச்சி? தொண்டை சரியில்ல. ஒரு மாசம் பேச மாட்டேன். பேர் சுரேஸ். பதுளை பஸ் கொண்டக்டர்.'

அவள் படித்தாள். கடைசி வரியை இன்னொரு தரம் படித்தாள். "ஓ! அடியில கரிக்கட்டை சொன்ன அண்ணன் நீங்கதானா?"

சுரேஸ் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு மாசம் எனக்கு யாவாரம் படுத்துட்டு. மாமி வந்து சொல்லிச் சொல்லி அழுதாங்க." அவள் கொஞ்ச நேரம் அவனை முறைத்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். "பேசாம இருக்கிறீங்கன்னா வாங்க. ஆனா மொதல்ல இந்த அடி என்னத்துக்குக் கருகுதுன்னு பாத்துச் சொல்லணும். சொல்லாம எழுதணும்."

அவன் ஒரு பகல் முழுக்க அடுப்பின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். ஷிஹானா மேலே சீஸ் பொன்னிறமாக வரும்வரை காத்திருந்து எடுத்தாள், அதற்குள் கீழே தீய்ந்துவிட்டது. 'பீசாத் தட்டை அடுப்புக்குள்ள ஒரு படி மேலே ஏத்துங்க' என்று எழுதிக் காட்டினான். ஏற்றினாள். அடுத்த பீட்சாவைத் திருப்பிப் பார்த்தால், அடி ரொட்டி மாதிரிச் சிவந்து அழகாக இருந்தது. "ஒரு வருஷமா நான் மேலதான் பாத்துட்டு இருந்திருக்கேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றே வேலை நிச்சயமாயிற்று.

கடைக்கு இன்னொரு தலைவலி இருந்தது. டவுனைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் அனுப்பலாம். தோட்டங்களிலிருந்து போன் வந்தால்தான் திண்டாட்டம். அங்கே வீட்டு நம்பர் கிடையாது, ரோட்டுப் பெயர் கிடையாது. ஒவ்வொரு மேட்டுக்கும், ரோடு வளைகிற ஒவ்வொரு முடக்குக்கும் வாயில் வழங்குகிற பெயர்தான் விலாசம். ஷிஹானா போனை வைத்துவிட்டு விழிப்பாள். "சுரேஸ் அண்ணே, துரை விழுந்த மேடாம். இது ஊர் பேரா, பேப்பர்ல வந்த செய்தியா? இன்னொருத்தர் மூக்குச்சிந்தி முடக்குன்றார். நான் எப்படி இத பெட்டியில எழுதுறது?"

சுரேஸ் வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தான். துரை விழுந்த மேட்டில் அவன் ஆயிரம் தடவை ஆள் இறக்கியிருக்கிறான். மூக்குச்சிந்தி முடக்கில் விடியற்காலைப் பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் ஏறுவார்கள். அவன் கொப்பியை எடுத்து, எந்த இடத்துக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, கொண்டக்டர் யார், எந்தக் கடையில் கொடுத்தால் போய்ச் சேரும் என்று வரிசையாக எழுதினான். சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளிடம் கையால் பேசி ஏற்பாடு செய்துவிட்டு வந்தான். அடுத்த நாளே மூக்குச்சிந்தி முடக்குக்கு இரண்டு பெட்டி போயிற்று. போய்ச் சேர்ந்தபோது சூடு இருந்ததா என்று ஷிஹானா போன் பண்ணிக் கேட்டாள். "சூடு இருக்குங்க, பெட்டிதான் கொஞ்சம் மடங்கிருச்சு. மேல யாரோ உக்காந்துட்டாங்க போல" என்று பதில் வந்தது.

ஒருநாள் ஒரு வயதான அம்மா பேசினார். பேத்தி பரீட்சையில் பாஸாம், ஒரு பெட்டி வேண்டுமாம். எந்த ஊர் என்று கேட்டதற்கு மீரியபெத்த என்றார். ஷிஹானா போனைக் கையால் மூடிக்கொண்டு, "அண்ணே, அந்த லயத்து வீடெல்லாம் மண்சரிவில போயிட்டே. இவங்க எங்க இருந்து பேசுறாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். சுரேஸ் எழுதினான். 'அந்த ஆளுங்க இப்ப பூனாகலைப் பக்கம் கட்டிக்கொடுத்த புது வீட்டுல இருக்காங்க. நா அனுப்புறேன். பெட்டியில மீரியபெத்தன்னே எழுதுங்க.' அவள் அப்படியே எழுதினாள். சீஸ் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள்.

அடுத்து பீட்சாக்களின் பெயர். கடையில் எல்லாம் வாயில் நுழையாத இத்தாலிப் பெயர்கள். தோட்டத்தில் இருந்து பேசுகிறவர்கள் பாதிப் பெயரைச் சொல்லிக் கூச்சப்பட்டு, "ஏதாவது ஒண்ணு குடுங்க மிஸ்" என்று வைத்துவிடுவார்கள். ஒரு மத்தியானம் சுரேஸ் அட்டையொன்றை எடுத்து எழுத ஆரம்பித்தான். கும்பலாகத் தின்கிற பெரிய பீட்சா, கும்பல்வெல. நெத்தலிக் கருவாடு போட்டு உப்புத் தூக்கலாக இருப்பது, லுணுகலை. லுணு என்றால் சிங்களத்தில் உப்பு என்று யாருக்குத் தெரியாது? கப்பலில் வந்த சீஸ் போட்டது, மடுல்சீமை. சரியாக எட்டுத் துண்டாக வெட்டிக் கொடுப்பது, எட்டாம்பிட்டி. தெமோதரையில் ரயில் பாதை சுற்றி வந்து தன் தலைக்குக் கீழேயே நுழைந்து போவதால், பாயைப் போலச் சுருட்டிக் கொடுப்பதற்குத் தெமோதரை. கடைசியாக டின்மீன் பீட்சாவுக்கு, சொந்த ஊராச்சே என்ற உரிமையில், பூனாகலை என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பூனையும் வரைந்தான்.

ஹாஜியார் துணிக்கடைப் பக்கமிருந்து வந்து அட்டையைப் படித்தார். தாடியைத் தடவிக்கொண்டு, "இது மெனுவா, பஸ் டைம் டேபிளா?" என்று கேட்டார். ஆனால் அன்று மாலைக்குள் அட்டையைப் பார்த்தே ஆறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

பத்து நாளில் பூனாகலையிலிருந்து வழக்கு வந்தது. விஜயலெட்சுமி என்ற கொழுந்து பறிக்கிற பெண்மணி, தோட்டத்து மாதர் சங்கத் தலைவி, நாலு பெண்களோடு கடைக்குள் நுழைந்தாள். தோட்டத்து நிர்வாகத்தோடு பேசிப் பழகிய குரல். "எங்கடி அந்தப் பூன?" என்றாள் ஷிஹானாவைப் பார்த்து.

ஷிஹானா நடுங்கிப்போய்ச் சுரேஸைக் கை காட்டினாள்.

"டேய் சுரேசு, நீயா? நம்ம ஊருப் பேரைப் பூனத் தீனிக்கு வச்சிருக்கியாமே! டவுன்ல பொடியனுங்க எம் மகளப் பாத்து மியாவ்ங்கிறானுங்க. பேசுடா!"

பேசத்தானே முடியாது. சுரேஸ் அவசர அவசரமாக எழுதினான். விஜயலெட்சுமி கொப்பியைத் தள்ளிவிட்டாள். "எழுத்தெல்லாம் சங்கத்துக்குக் குடு. எனக்கு வாயால சொல்லு." அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான், கையெடுத்துக் கும்பிட்டான், கத்திரிக்கோல் எடுத்துப் பூனைப் படத்தை வெட்டி எறிந்தான். அவள் முகம் கொஞ்சம் இளகியது. "தொண்டைக்கு என்னாச்சு ஒனக்கு?" ஷிஹானா விவரம் சொன்னாள். "அடப் பாவி. கத்தியே கெடுத்துக்கிட்டியா" என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவர்களுக்குச் சூடாக ஒரு பூனாகலை வந்தது.

அவள் ஒரு கடி கடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, "யாருடி சமைச்சது? இத எங்க ஊருன்னா சிரிப்பாங்க. ஒறப்பே இல்ல" என்றாள். "மீனை வெங்காயம் போட்டு வதக்கு. பச்ச மொளகாய அரிஞ்சு போடு. கருவேப்பிலைய மேல தூவாத, எண்ணெயில பொரிச்சுப் போடு." தானே எழுந்து உள்ளே போய்விட்டாள். ஷிஹானா பின்னாலேயே ஓடினாள். அரைமணி நேரத்தில் வந்த இரண்டாவது பீட்சாவைத் தின்ற நாலு பெண்களுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இது பூனாகலை" என்று விஜயலெட்சுமி சொன்னாள். போகும்போது தோட்டத்துக் கூட்டத்துக்கென்று பன்னிரண்டு பெட்டி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு வந்த வழக்கெல்லாம் வேறு விதம். "எங்க ஊருக்கு ஏன் ஒண்ணும் இல்ல?" என்று பசறையிலிருந்து ஒருவர் கேட்டார். நமுனுகலைக்காரர் ஒருவர் தங்கள் மலை உயரத்துக்குத் தகுந்த மாதிரி மூன்று அடுக்காக வேண்டும் என்றார். ஷிஹானா ஒரு தடவை முயன்று பார்த்தாள், அது அடுப்புக்குள்ளேயே சரிந்து விழுந்தது.

ஒரு மாதம் முடிந்த அன்று டொக்டர் அம்மா பேசச் சொன்னார். சுரேஸுக்குப் பயமாக இருந்தது. யசோதினி எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யசோ" என்றான். ஆழத்திலிருந்து, கரகரவென்று, ஆனால் மெதுவாக வந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு மெதுவாக அவளை யாரும் கூப்பிட்டதில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். டொக்டர் அம்மா, "போதும், போதும், இன்னைக்கு இவ்வளவுதான்" என்று சிரித்தார்.

மொஹிதீன் ஒருநாள் கடைக்கு வந்தார். முதலாளி டிக்கட் போடுகிற வேலையாவது தருவதாகச் சொன்னாராம், கத்த வேண்டியதில்லையாம். "வாறியா தம்பி? நீ இல்லாம ரோடு நீளமா இருக்கு." சுரேஸ், "நாளைக்குச் சொல்றேன்" என்றான். அன்று சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். கொண்டக்டர்கள் கத்தக் கத்த, அவன் உதடும் தானாக ஊர்ப் பெயர்களைச் சொன்னது. பெயரைச் சும்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டு அங்கே நிற்க அவனால் முடியாது என்று தெரிந்தது. மறுநாள் பதில் கேட்டு வந்த மொஹிதீனிடம், "இல்ல மொஹிதீன் நானா. நா இங்கயே இருந்துக்கிறேன். நீங்க பெட்டிய மட்டும் பத்திரமா கொண்டு போங்க" என்று சொன்னான். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் போகும்போது ஒரு லுணுகலை கட்டிக்கொண்டு போனார்.

இப்போது ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஹாஜியார் துணிக்கடையின் மீதிப் பாதியிலும் கொஞ்சம் விட்டுக் கொடுத்துவிட்டார். போனில் ஓடர் எடுப்பது சுரேஸ்தான். பேசுகிறவர் ஊர்ப் பெயரை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள், பஸ் எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் வந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். குரல் மட்டும் பழையபடி வரவில்லை. கரகரவென்று அடித்தொண்டையில்தான் வரும்.

போன வாரம் ஒரு பெண் பேசினாள். "தாத்தா, நா மேல் டிவிசன்ல இருந்து பேசுறேன். எங்க கும்பல்வெல இன்னும் வரலியே தாத்தா?"

முப்பத்தொன்பது வயதுக்காரன் பக்கத்தில் நின்ற ஷிஹானாவைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பஸ் கொஞ்சம் லேட்டும்மா. இப்ப வந்துரும்" என்றான்.

"சரிங்க தாத்தா. நீங்க பதறாதீங்க. மெதுவா வரட்டும்."

போனை வைத்ததும் ஷிஹானா, "திருத்திச் சொல்ல வேணாமா அண்ணே?" என்று கேட்டாள்.

"எதுக்கு தங்கச்சி? அண்ணன்னா ஏசுவாங்க. தாத்தாவ யாரும் ஏச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து அடித்த போனை எடுத்தான்.